வஞ்சிரப் பெட்டி

மாசி பாதி.
காசிமேட்டில் வஞ்சிரம் சுமந்து ஓய்ந்த
தெர்மாகோல் பெட்டி ஒன்றை
இருபது கேட்டவனிடம் பத்துக்குப் பேசி வாங்கினேன்.
ஷேர் ஆட்டோக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு
கையை ஆட்டிவிட்டதால்
தலையில் வைத்துக் கல்மண்டபம் வழியே நடந்தேன்.
தெருவெல்லாம் பூனைகள்
எழுந்து நின்று மரியாதை செய்தன.

புளி கரைத்து மூன்று முறை கழுவியும்
வாடை போகவில்லை.
"உன் சட்டையில டீசல் மட்டும் போவுதா?"
என்றாள் அமுலு.
அத்தோடு கழுவுவதை விட்டேன்.

மண்ணுக்கு எங்கே போவது இந்தப் பக்கம்?
தோண்டினால் கேபிள் வரும்,
இன்னும் தோண்டினால் உப்புத்தண்ணீர்.
என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் ஏகாம்பரம்
மாதவரத்திலிருந்து சின்ன மூட்டை செம்மண்
டிவிஎஸ்ஸின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார்.
இரவு இரண்டு மணிக்கு
மணலி ரோட்டில் லாரி இல்லாத ஒரு பத்து நிமிஷம்.
சும்மா விளையாட்டுக்கு
மூட்டையை எடைமேடை நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தோம்.
நாற்பது டன் கன்டெய்னரை நிறுக்கிற எந்திரம்
பூஜ்யத்திலேயே நின்றது.
ஏகாம்பரம் ரசீதே போட்டுக் கொடுத்தார்:
சரக்கு — தோட்டம். எடை — இல்லை.

எட்டு விதை. முளைத்தது ஐந்து.
பெட்டிக்கு மீன் இருப்பதாக நம்பிய பூனை ஒன்று
இரண்டைப் பறித்தது.
மிச்சம் மூன்று.

லாரித் தண்ணீர் வீட்டுக்கு ஏழு குடம்.
எட்டாவது குடம் கேட்டால்
கீழே சண்டை நடக்கும், அதுவும் நியாயம்தான்.
ஆகவே அரிசி களைந்த தண்ணீர்,
பாட்டிலின் அடியில் பிள்ளைகள் விட்ட தண்ணீர்,
ஒருநாள், மன்னிக்க வேண்டும்,
ஆறிப்போன காபி.

காலையில் இலைமேல் மெல்லிய சாம்பல்,
எண்ணூர்ப் பக்கத்துக் காற்றின் வேலை.
பழைய பனியனை நனைத்து
ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன்
தூங்குகிற குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல.
ஷிப்ட் முடிந்து வந்தவன்
படுக்காமல் செய்கிற வேலையா இது
என்று யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன், துடைத்துக்கொண்டே.

பெட்டிக்கு அடியில் போட்ட ஓட்டை வழியே
சிவப்பாகச் சொட்டியது ஒரு நாள்,
நேர் கீழே டில்லிபாபுவின் கொடியில்.
அவர் ஐகோர்ட்டில் டவாலி.
வெள்ளை யூனிபார்ம்.
விறுவிறுவென்று மாடி ஏறி வந்தார்.
"இன்னா சார், காவி கட்டி அனுப்பறியா என்ன?"
சட்டையை விரித்துக் காட்டினார்,
தோளில் மூன்று பொட்டு.
நான் வார்த்தை தேடும்போது
அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று.
அன்று காலைதான் விரிந்திருந்தது:
வெளிர் மஞ்சள், நடுவில்
வெற்றிலை போட்ட வாய்போல் ஒரு சிவப்பு.
"செம்பருத்தியா?"
"வெண்டக்கா."
"சும்மா சொல்லாத."
குனிந்தார். சட்டை தரையில் இழைந்தது.
"அம்பது வருசமா துன்னுனு கீறேன்.
பூவ இப்பதான் பாக்கறேன்."

சண்டையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.
கொடியை ஒரு முழம் தள்ளிக் கட்டினார்.
சொட்டு விழும் ஜன்னல் கம்பியில் இப்போது
காதறுந்த பிளாஸ்டிக் மக் தொங்குகிறது.
அதில் புதினாக் காம்பு நட்டிருக்கிறார்.
இரவு பத்து மணிக்குக் கீழேயிருந்து குரல் வரும்:
"சார், இன்னிக்கு ஊத்தலியா?"

பங்குனி முடிவதற்குள் முதல் காய்.
ஒன்றே ஒன்று, விரல் நீளம்.
நாலு பேர் வீட்டுக்கு ஒரு காயை என்ன செய்ய?
கடையில் வாங்கிய கால் கிலோவோடு
நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டாள் அமுலு.
"எதும்மா நம்மளுது?" என்றான் சின்னவன்.
"தெரியலடா, கலந்துட்டேன்."
அவன் தட்டில் பதினோரு துண்டு.
ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து
"இதான் நம்மளுது" என்று வாயில் போட்டான்,
பதினோரு முறையும்.